கரைக்கு ஓட்டிக்கொண்டு போன கப்பல்

துருக்கியில் சனக்கலே என்று ஓர் ஊர். டார்டனெல்ஸ் நீரிணையைப் பார்த்தபடி போகும் கடற்கரைச் சாலையில் அங்கே ஒரு பெரிய மரக்குதிரை நிற்கிறது. டிராய் நகரத்துக் கதையை வைத்து ஹாலிவுட்காரர்கள் எடுத்த படத்துக்காகச் செய்த குதிரை, படம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டது. நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அப்போதும் அதன் காலடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம். நானும் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஆனால் அவ்வளவு தூரம் நான் போனது வேறொரு குதிரையைத் தேடி. அது இரும்புக் குதிரை. 3,913 டன். கரியும் கோவேறு கழுதையும் சுமந்து பிழைத்த ஒரு சாதாரண நீராவிக் கப்பல், பெயர் ரிவர் கிளைட்.

அந்தக் கப்பலிடம் நான் வந்து சேர்ந்ததே சுற்றுவழிதான். மவுண்ட் ரோட்டில் ஒரு காலத்தில் நின்ற நீல் சிலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1857 கிளர்ச்சியை அடக்கப் போய் அலகாபாத்திலும் கான்பூரிலும் வெறியாட்டம் ஆடிய அந்த வெள்ளைக்கார அதிகாரி நீல்தான். 1927இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது, 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் அது இடத்தை விட்டு நகர்ந்தது. இதெல்லாம் தெரிந்த கதை. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. நீலின் படைப்பிரிவு, மதராஸ் ஃபியூசிலியர்ஸ், அது என்ன ஆயிற்று? கிழக்கிந்தியக் கம்பெனி போனதோடு அதுவும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கம்பெனி ஆள்சேர்த்த வெள்ளைக்காரப் பட்டாளங்களை ராணியின் படையில் சேர்த்துக்கொண்டு, 1881இல் அதற்கு அயர்லாந்துப் பெயர் வைத்துவிட்டார்கள். ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ், முதல் பட்டாலியன். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை, நீல் காலத்து "நீலத் தொப்பிகள்" தான் கடைசிவரை. 1914 ஆகஸ்டில் உலகப் போர் தொடங்கியபோது அந்தப் பட்டாலியன் எங்கே இருந்தது தெரியுமா? சென்னையில்.

அடுத்த மாதம் 22ஆம் தேதி இரவு எம்டன் வந்து பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை நம் ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு அது ஒரு கப்பல் என்றே தெரியாது. இந்த டப்ளின்காரர்கள் அதன்பின் கப்பலேறி டிசம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள், நான்கே மாதத்தில் துருக்கியரோடு சண்டையிடக் கலிப்போலி, டார்டனெல்ஸை ஒட்டிய தீபகற்பம். அவர்களில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் மோதிய கப்பல்தான் ரிவர் கிளைட். நீல் சிலையில் தொடங்கி ஒரு கரிக்கப்பலில் வந்து நிற்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கரையில் கிடக்கும் கப்பல் என்றதும் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தரைதட்டுவது வேறு, கரையேற்றுவது வேறு. தரைதட்டுவது விபத்து: இருட்டு, மூடுபனி, தவறான வரைபடம், தூக்கக் கலக்கத்தில் இருந்த மாலுமி. கரையேற்றுவது முடிவு. கப்பல் எப்படியும் மூழ்கப்போகிறது என்று தெரிந்தால், ஆழத்தில் மூழ்குவதைவிட மணலிலோ பாறையிலோ ஏற்றிவிட்டால் ஆட்களாவது பிழைப்பார்கள் என்று கேப்டனே சுக்கானைத் திருப்புவான். எம்டனுக்கு நடந்ததும் அதுதான். 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பலிடம் அடிவாங்கிக் கந்தலான பிறகு, கேப்டன் வான் முல்லர் அதைக் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் வடக்கு கீலிங் தீவுப் பவளப்பாறையில் ஏற்றினார். ஆனால் ரிவர் கிளைட்டில் ஓட்டை இல்லை, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கொதிகலனில் நீராவி இருந்தது. அப்படி ஒரு கப்பலை நேராகக் கரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போய் ஏற்றினார்கள். ஏற்றியதும் அதற்குள்ளிருந்து ஆட்கள் இறங்குவதாகத் திட்டம்.

கப்பலின் பிறப்பு ரொம்ப சாதாரணம். 1905இல் ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில், ரஸ்ஸல் அண்ட் கம்பெனி என்ற கப்பல் கட்டும் பட்டறையில், கிளைட் நதிக்கரையில் கட்டினார்கள். பெயருக்கும் யாரும் அதிகம் மெனக்கெடவில்லை, பிறந்த ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். நீளம் 105 மீட்டர் இருக்கும். ஒற்றைப் புகைபோக்கி, நடுவில் எஞ்சின் அறை, முன்னும் பின்னும் சரக்கறைகள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கப்பல்கள் ஆயிரக்கணக்கில் ஓடின. இவற்றுக்கு நிலையான வழித்தடம் கிடையாது. எந்தத் துறைமுகத்தில் சரக்கு கிடைக்கிறதோ அங்கே போகும், இறக்கும், அடுத்த வாடகை எங்கே என்று பார்க்கும். லாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லாரியின் வரலாற்றை யாராவது எழுதுவார்களா? முதல் பத்து வருடத்துக்கு ரிவர் கிளைட்டின் வரலாறும் அந்த அளவுதான். போர் வந்ததும் படைக்குச் சரக்கு ஏற்றப் போனது. 1915 ஏப்ரலில் கோவேறு கழுதைகளை இறக்கிவிட்டு லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகத்தில் நின்றிருந்தபோதுதான் எட்வர்ட் அன்வின் அதைப் பார்த்தார்.

அன்வினை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 51 வயது. இளமையில் வணிகக் கப்பலில் வேலை பார்த்து, அதன்பின் கடற்படைக்கு வந்து, ஓய்வும் பெற்று, போருக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட மனிதர். கையில் இருந்தது ஹஸ்ஸார் என்ற பழைய சிறு கப்பல். அந்த மாதம் கலிப்போலித் தீபகற்பத்தின் முனையில், ஹெல்லஸ் முனைப் பக்கம், படையிறக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திட்டம் முழுக்கத் துடுப்புப் படகுகளை நம்பியிருந்தது. நீராவிப் படகு ஒன்று நாலைந்து படகுகளைச் சங்கிலி மாதிரி இழுத்துப் போகும், கரை நெருங்கியதும் கயிற்றை அவிழ்த்துவிடும், மிச்சத் தூரம் துடுப்புப் போட வேண்டும். ஒரு தடவைக்குச் சில நூறு பேர்தான் போய்ச் சேர முடியும், அதுவும் திறந்த படகில், நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்தபடி. அன்வின் கேட்டது: ஒரு சரக்குக் கப்பலுக்குள் 2,000 பேரை அடைத்துக் கரையிலேயே ஏற்றிவிட்டால் என்ன? இரும்புச் சுவருக்குப் பின்னால் இருப்பார்கள், ஒரே நேரத்தில் வெளியே பாய்வார்கள்.

டிராய் இருந்த இடம், இன்றைய ஹிசார்லிக் மேடு, நீரிணைக்கு அந்தப் பக்கம் சில கிலோமீட்டர்தான். கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு வந்த இங்கிலாந்து அதிகாரிகளுக்கு மரக்குதிரை ஞாபகம் வராமல் இருக்குமா? அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. எனக்கென்னவோ அந்த ஒப்பீடே அபசகுனமாகத் தெரிகிறது. டிராயில் குதிரையை ஊர்க்காரர்களே உள்ளே இழுத்துப் போனார்கள், அதுதான் தந்திரம். இங்கே எதிரி முழு விழிப்போடு துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கும் கரைக்குக் குதிரை தானே நடந்து போக வேண்டும்.

கப்பலைத் தயார் செய்த விதம் பட்டறை வேலை மாதிரி இருக்கிறது. பக்கவாட்டு இரும்புத் தகட்டை வெட்டி வாசல்கள் வைத்தார்கள். அந்த வாசல்களிலிருந்து கப்பலின் மூக்கு வரை, நம் கடலோடிகள் அணியம் என்று சொல்லும் இடம் வரை, வெளிப்புறமாகப் பலகைப் பாதை. அணியத்தில் மணல்மூட்டையும் இரும்புத் தகடும் அடுக்கி 11 இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஜோசையா வெட்ஜ்வுட், பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன அந்த வெட்ஜ்வுட் குடும்பத்து ஆள், நாடாளுமன்ற உறுப்பினர் வேறு. கப்பலின் ஒரு பக்கம் மணல்நிற மஞ்சள் வண்ணம் அடிக்கத் தொடங்கி முழுசாக முடிக்காமலே கிளம்பிவிட்டார்கள். பழைய புகைப்படங்களில் அந்தத் திட்டுத்திட்டான மஞ்சள், கறுப்பு வெள்ளையிலும் தெரிகிறது.

கப்பல் மணலில் ஏறும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் இருக்குமே, அதற்கு என்ன செய்வது? அதற்கும் யோசனை இருந்தது. ஆர்கைல் என்ற தட்டையான சிறு நீராவிப் படகு ஒன்றைப் பக்கத்தில் கட்டி இழுத்துப் போவது. பெரிய கப்பல் தட்டி நின்றதும் அது வந்த வேகத்திலேயே முன்னால் போய்க் கரையில் ஏறி நடைபாலமாகிவிடும். இடைவெளி மிஞ்சினால் இருக்கட்டும் என்று, சரக்கு இறக்கும் தட்டைப் படகுகள் சிலவற்றையும் கூடவே இழுத்துப் போனார்கள். காகிதத்தில் அழகான திட்டம். காகிதத்தில் கடல் ஓடாது.

கருங்கடலில் மிஞ்சும் தண்ணீர் போஸ்பரஸ் வழியாக மர்மராவுக்கு வந்து, அங்கிருந்து டார்டனெல்ஸ் வழியாக ஏஜியன் கடலுக்குள் கொட்டுகிறது. அந்த மேல்நீரோட்டம் ஓய்வதே இல்லை. நான் படகுத்துறையில் நின்று பார்த்தபோது மிதந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நான் நடக்கும் வேகத்துக்கு என்னோடு கூடவே வந்துகொண்டிருந்தது. 1915 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை விடியலில் அந்த நீரோட்டம் முதலில் டப்ளின்காரர்களின் படகுச் சங்கிலிகளைத் தாமதப்படுத்தியது. படகுகள் முன்னால் போக வேண்டும், கப்பல் பின்னால் வர வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆல்பியன் போர்க்கப்பல் அதற்குமுன் ஒரு மணிநேரம் கரையைக் குண்டுகளால் உழுதிருந்தது. காலை 6:22 அளவில் ரிவர் கிளைட் கரையேறியது. இடி மாதிரி மோதியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவ்வளவு மெதுவாக மணலில் போய் உட்கார்ந்ததில் உள்ளே இருந்த பலருக்குக் கப்பல் நின்றதே தெரியவில்லை.

நின்றது நினைத்ததைவிடக் கொஞ்சம் வெளியே. ஆர்கைல் நேராகப் போகாமல் இடப்பக்கம் ஒதுங்கி, பக்கவாட்டில் கரை தட்டி, ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. கப்பலிலிருந்து கரைக்குப் பாலம் இல்லை.

கரையில் அதுவரை ஒரு சத்தமும் இல்லை. அந்த இடத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வி கடற்கரை, துருக்கியருக்கு எர்துருல் கோய். ஒரு பக்கம் செத்துல்பஹிர் கோட்டை, மறுபக்கம் மேட்டில் இன்னொரு கோட்டை, நடுவே அரைவட்டமாக எழும்பும் சரிவு, நாடக அரங்கின் படிக்கட்டு மாதிரி. மேடை எது என்று சொல்ல வேண்டியதில்லை. 26ஆம் ரெஜிமெண்டின் மூன்றாவது பட்டாலியன், தளபதி மேஜர் மஹ்முத் சப்ரி. படகுகள் மிக அருகில் வரும்வரை சுடக்கூடாது என்பது உத்தரவு. வந்தபோது சுட்டார்கள். படகுகளில் இருந்த டப்ளின்காரர்களில் பெரும்பாலோர் கரையைத் தொடவே இல்லை. அவர்களின் கத்தோலிக்கப் பாதிரியார் வில்லியம் ஃபின், போக வேண்டாம் என்று சொல்லியும் தன் ஆட்களோடுதான் போவேன் என்று படகில் ஏறியவர், அன்றே இறந்தார்.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. ஆங்கிலேயர் தரப்பில் இயந்திரத் துப்பாக்கிகள் கரையிலிருந்து பொழிந்தன என்று எழுதினார்கள். துருக்கியர் தரப்பு அறிக்கைகளோ முக்கியமாகத் துப்பாக்கி வீரர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. நிதானமாக, குறிபார்த்து, ஒவ்வொருவராக. எது சரி என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். வெறும் ரைஃபிளுக்கு ஒரு படையிறக்கமே நின்றுபோனது என்று ஒப்புக்கொள்வது ஒரு பேரரசுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், இது என் ஊகம்.

கப்பலுக்குள் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் முதல் பட்டாலியன், ஹாம்ப்ஷைர் இரண்டாம் பட்டாலியனின் பாதி, டப்ளினின் ஒரு கம்பெனி. இதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. மன்ஸ்டரும் பழைய கம்பெனிப் பட்டாளம்தான், வங்காள ஃபியூசிலியர்ஸ். போர் தொடங்கியபோது ரங்கூனில் இருந்தார்கள். ஹாம்ப்ஷைர்காரர்கள் மௌவில், இன்றைய மத்தியப் பிரதேசத்தில். அதாவது அந்தக் கரிக்கப்பலின் சரக்கறையில் நெருக்கியடித்து நின்ற படைப்பிரிவுகள் மூன்றும், சில மாதம் முன்புவரை நம் பக்கத்துப் பாசறைகளில் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தவை. அவர்களுக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை, நீலின் பட்டாளம் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் 1857ஐச் செய்தவர்கள் இவர்களும் இல்லை. பெரும்பாலும் வேலையில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்த அயர்லாந்து ஏழை வீட்டுப் பையன்கள். நான் இதில் ஒரு தீர்ப்புக்கு வரவே இல்லை, வர முயற்சி செய்தும் பார்த்தேன்.

பாலம் இல்லை என்று கண்டதும் அன்வின் தளபதி மேடையை விட்டு இறங்கினார். வில்லியம் வில்லியம்ஸ் என்ற மாலுமியோடு தண்ணீரில் குதித்து, தட்டைப் படகுகளைக் கையால் இழுத்து வந்து, கப்பலுக்கும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டுக்கும் நடுவே நிறுத்தினார்கள். கட்ட ஒன்றுமில்லை. அதனால் இடுப்பளவு, நெஞ்சளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நங்கூரத்தின் வேலையை இரண்டு மனிதர்கள் செய்தார்கள். "வாருங்கள்" என்று கப்பலுக்குச் சைகை போனது. வாசல்களிலிருந்து மன்ஸ்டர்கள் ஓடி வந்தார்கள். எந்த வாசல்களைப் பாதுகாப்புக்கென்று வெட்டினார்களோ, அந்த வாசல்கள் இப்போது துருக்கியருக்குக் குறிபார்க்க வசதியான சட்டங்களாகிவிட்டன. எங்கே ஆள் தோன்றுவான் என்று முன்கூட்டியே தெரியும். பலகைப் பாதையில் விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். தண்ணீரில் விழுந்தவர்களை முதுகுச் சுமை மூழ்கடித்தது. முதலில் ஓடிய ஓரிரு நூறு பேரில் கரை சேர்ந்தவர்கள் மிகச் சிலர். சேர்ந்தவர்களும் மணலில் ஆள் உயரம் கூட இல்லாத ஒரு கரைத்திட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தார்கள்.

வில்லியம்ஸ் குண்டுபட்டார். அன்வின் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கயிற்றை விட வேண்டியிருந்தது, பாலம் விலகியது. அதன்பின் 20 வயது மிட்ஷிப்மேன் (கடற்படையின் இளநிலை அதிகாரி) ஜார்ஜ் ட்ரூரி, 18 வயது வில்ஃப்ரெட் மாலெசன், ஜார்ஜ் சாம்சன் என்ற மாலுமி, எல்லாரும் மாறி மாறி நீந்தி, கயிறு கட்டி, மறுபடி அறுந்து, மறுபடி கட்டி. ஆர்தர் டிஸ்டால் என்ற கடற்படைப் பிரிவு அதிகாரி ஒரு படகைத் தள்ளிக்கொண்டு நீந்திப்போய்க் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்தார். அன்வினையும் வில்லியம்ஸையும் சேர்த்து இந்த ஆறு பேருக்கும் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. டிஸ்டால் பம்பாயில் பிறந்தவர். மாலெசன் புனே பக்கத்துக் கிர்க்கியில். இந்தியா இந்தக் கதையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அந்தக் காலையில் மேலே பறந்த விமானி, அவர் பெயரும் சாம்சன், சார்லஸ் சாம்சன், கரையோரக் கடல் ஏறத்தாழ ஐம்பது கஜ தூரத்துக்குச் சிவப்பாக இருந்ததைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். இதை நான் முதலில் மிகைப்படுத்தல் என்று நினைத்தேன். அந்த வளைகுடாவின் அளவை நேரில் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு சின்ன இடம்.

காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் நாள் முழுக்கக் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள். இந்த இடம்தான் எனக்கு முக்கியம். ரிவர் கிளைட் தோற்றுப்போன யோசனை என்று எளிதாகச் சொல்லிவிடலாம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். இறங்குகிற வேலைக்கு அது தோற்றதுதான். ஆனால் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருந்த ஆயிரம் பேரும் திறந்த படகில் வந்திருந்தால்? ஆசியக் கரையிலிருந்து வந்த சில குண்டுகள் கப்பலைத் துளைத்து உள்ளேயும் சிலரைக் கொன்றன. ஆனால் துப்பாக்கி ரவைகள் தகட்டில் பட்டுத் தெறித்தன. அணியத்தில் இருந்த வெட்ஜ்வுட்டின் துப்பாக்கிகள் ஓயாமல் சுட்டதால்தான் துருக்கியர் இறங்கி வந்து கரைத்திட்டுக்கு அடியில் கிடந்தவர்களை முடிக்க முடியவில்லை. இருட்டியதும் மிச்சம் இருந்தவர்கள் அதே படகுகள் மேல் நடந்து, அதிகச் சேதமில்லாமல் கரையேறினார்கள். கப்பல் கட்டியவர்கள் கரிக்காகக் கட்டிய சுவர், ஒரு நாள் மனிதர்களைக் காத்தது.

மறுநாள் கோட்டையும் ஊரும் பிடிபட்டன. கம்பிவேலியின் முளைகளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்த வில்லியம் காஸ்குரோவ் என்ற மன்ஸ்டர் கார்ப்பரல், கையில் ஒரு பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குதலை நடத்திய லெப்டினன்ட் கர்னல் டவுட்டி வைலி. இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பால்கன் போரில் செஞ்சிலுவைப் பணிக்காகத் துருக்கி அரசிடமே பதக்கம் வாங்கியவர், அவர்களை எதிர்த்து ஆயுதம் எடுக்க மனம் வராமல்தான் பிரம்போடு போனார் என்பார்கள். மேட்டைப் பிடித்த நேரத்தில் குண்டுபட்டு இறந்தார். விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள், இன்றும் அங்கேயே தனியாக இருக்கிறது கல்லறை.

டப்ளின், மன்ஸ்டர் இரண்டிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்தால்தான் ஒரு பட்டாலியன் தேறியது. சில வாரம் அப்படியே ஓட்டினார்கள், "டப்ஸ்டர்கள்" என்று பெயர். அடுத்த வருடம் ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈஸ்டர் எழுச்சி. அதன்பின் பிரிட்டிஷ் சீருடையில் செத்தவர்களைப் பற்றி அயர்லாந்தில் பேசுவதே சங்கடமாகிவிட்டது. 1922இல் பட்டாளமே கலைக்கப்பட்டது. சிலை மட்டும் மவுண்ட் ரோட்டில் இன்னும் 15 வருடம் நின்றது.

சரி, கப்பல். எல்லாரும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள், கப்பலுக்கோ இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயுள் பாக்கி இருந்தது. சண்டை உள்ளே நகர்ந்ததும் ரிவர் கிளைட் நின்ற இடத்திலேயே துறைமுகமாகிவிட்டது. கரையிலிருந்து அதற்குப் பாதை போட்டார்கள், மறுபுறம் படகுகள் வந்து ஒட்டின. பிரெஞ்சுப் படைகள் அந்தக் கரையை எடுத்துக்கொண்டன. அலைத்தடுப்பு போதவில்லை என்று நவம்பரில் மாசெனா என்ற தங்கள் பழைய போர்க்கப்பலையே கொண்டுவந்து பக்கத்தில் மூழ்கடித்தார்கள். ஒன்பது மாதம் ஓடியது. ஒன்றும் சாதிக்கவில்லை. 1916 ஜனவரி 8 இரவு ஹெல்லஸைக் காலி செய்தபோது, வி கடற்கரையில் இருந்தவர்கள் ரிவர் கிளைட் வழியாக நடந்துபோய்த்தான் படகேறினார்கள். எந்தக் கப்பல் வழியாக வந்தார்களோ அதே கப்பல் வழியாக வெளியே. வந்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் வேறு ஆட்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பின் மூன்று வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. போர் முடிந்து 1919இல் மீட்புக் குழுவினர் வந்து ஓட்டைகளை அடைத்து, தண்ணீரை இறைத்து, இழுத்தார்கள். மிதந்தது! நாலு வருடம் மணலில் உட்கார்ந்து, குண்டு துளைத்து, குளிர்கால அலையெல்லாம் வாங்கிய பிறகு. மால்டாவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தார்கள். நினைவுச் சின்னமாக நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1920இல் ஸ்பெயின்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். புதுப் பெயர் ஆஞ்செலா. சில வருடம் கழித்து இன்னொரு பெயர், மருஹா இ அவுரோரா. இரண்டு பெண்களின் பெயர்.

அப்படியே ஓடியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வந்து போயிற்று, இரண்டாம் உலகப் போர் வந்து போயிற்று, கூடப் பிறந்த நீராவிக் கப்பல்கள் எல்லாம் டார்பிடோவில் மூழ்கின அல்லது டீசலிடம் தோற்றன. இது மட்டும் சரக்கேற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. அதன் கடைசிக் காலத்தில் வாங்கிப் பாதுகாக்க மறுபடி ஒரு முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. ஒருவிதத்தில் அரசாங்கத்தைக் குறைசொல்வதும் கஷ்டம். ஒரு தோல்வியின் நினைவாக ஒரு கரிக்கப்பலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வெற்றியின் கப்பல் என்றால் பளிங்குமேடை கட்டியிருப்பார்கள்.

செத்துல்பஹிரில் நான் இருந்தது ஒரு பகல்தான். கோட்டையை அழகாகப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மேட்டில் யஹ்யா சாவுஷ் என்ற துருக்கிச் சார்ஜெண்டுக்கும் அவரோடு நின்ற 63 பேருக்கும் நினைவிடம். அந்தச் சிறு கூட்டம்தான் அன்று முழுப் படையையும் நிறுத்தியது என்பது அவர்கள் சொல்லும் கதை. எண்ணிக்கையில் கொஞ்சம் பக்தி கலந்திருக்கலாம், இருந்தாலும் சொந்த மண்ணில் நின்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கீழே, அலை வந்து தொடும் தூரத்தில், வி கடற்கரைக் கல்லறை. 696 பேர். அதில் 480 பேருக்குப் பெயர் தெரியாது. நான் புல்வெளியைத் தாண்டி மணலில் இறங்கி, பழைய படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, கோட்டை மதிலின் மூலையையும் கரையின் வளைவையும் ஒப்பிட்டுக் கப்பலின் மூக்கு எங்கே இருந்திருக்கும் என்று தேடினேன். ஏறக்குறைய கண்டுபிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தெளிந்த தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினேன். குளிர் தாங்காமல் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்வின் அதில் ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் நின்றார், குளிரில் விறைத்துப்போய்த்தான் அவரைக் கப்பலுக்கு ஏற்றினார்கள், கொஞ்சம் தெளிந்ததும் மறுபடி இறங்கிவிட்டார்.

அந்த ஆறு பேரில் வில்லியம்ஸ் அன்றே போனார், டிஸ்டால் இரண்டு வாரத்துக்குள். ட்ரூரி 1918இல் ஸ்காபா ஃப்ளோவில், கப்பலில் மேலிருந்து ஒரு கப்பி விழுந்து. சாம்சன் உடம்பெல்லாம் காயத்தோடு தப்பி, 1923இல் பெர்முடாவில் காய்ச்சலில். அன்வின் 1950இல்.

ரிவர் கிளைட்டை 1966இல் வடக்கு ஸ்பெயினின் அவிலெஸ் துறைமுகத்தில் வெட்டி, பழைய இரும்பாகப் போட்டார்கள். அதற்கு அப்போது 61 வயது. மாலெசன் கார்ன்வாலில் இருந்தார், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.